சிட்டின் காலில் ஒரு வளையம்

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பர் நம் பெரியோர். இம்மொழிக்கு உயிருள்ள சான்று வேண்டுவோர், அமெரிக்கக் கண்டங்களில் வாழும் 'ஹம்மிங்' பறவையை நோக்கலாம். சிறகுகள் எழுப்பும் ஒலியினால் பெயர் பெற்ற இப்பறவையை நாம் இங்கு ரீங்காரச் சிட்டு என்றே அழைப்போம். இதில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் ஆசியாவிலோ, ஐரோப்பாவிலோ, ஆப்பிரிக்காவிலோ இயற்கையாக வாழ்வதில்லை.

"எங்கள் வீட்டுச் செம்பருத்திப் பூவில் தேனுண்ண வருகிறதே, அதுதானே இது?" என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். அன்று. நம் தேன்சிட்டு வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே தேன் உண்பது. ரீங்காரச் சிட்டோ காற்றிலே நின்றபடி மலருக்குள் அலகை நீட்டும். முன்னே பறப்பது போலவே பின்னேயும் பறக்கும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் மாணிக்கக் கழுத்துச் சிட்டு, நொடிக்கு ஏறத்தாழ ஐம்பது முறை சிறகடிக்கிறது. அதன் எடை எவ்வளவு தெரியுமா? மூன்று கிராம்! நாம் காப்பியில் இடும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைகூட இல்லை.

இத்துணைச் சிறிய உயிர், கோடை முடிந்ததும் தன் கூட்டை விட்டுக் கிளம்பி, மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்க நாடுகளுக்கும் செல்கிறது. வழியிலே குறுக்கிடுவது மெக்சிகோ வளைகுடா. இச்சிட்டுகளுள் பல, ஏறத்தாழ 800 கிலோமீட்டர்க் கடற்பரப்பை எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் கடந்து விடுகின்றன. இதை நம்ப இயலாத பண்டை மக்கள், இச்சிட்டுகள் பெரிய வாத்துகளின் முதுகில் ஏறிப் பயணம் செய்கின்றன என்று கதை கட்டினர். கதை இனியதே; ஆயினும் உண்மையன்று.

உண்மையை அறிவது எங்ஙனம்? சென்ற ஆண்டு நம் தோட்டத்துக்கு வந்த சிட்டும் இவ்வாண்டு வந்திருக்கும் சிட்டும் ஒன்றா, வெவ்வேறா? கண்ணால் கண்டு சொல்ல எவராலும் இயலாது. ஒரே அச்சில் வார்த்தாற்போல் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. தனித்தனியே அடையாளம் இருந்தாலன்றி விடை கிடைக்காது. அவ்வடையாளமே காலில் இடப்படும் வளையம்.

ஓர் ஆசிரியர் காட்டிய வழி

டென்மார்க் நாட்டின் வீபோர்க் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டன்சன் என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1899-ஆம் ஆண்டில் அவர் அலுமினியத் தகட்டால் வளையங்கள் செய்து, அவற்றில் எண்ணும் முகவரியும் பொறித்து, மைனா இனத்தைச் சேர்ந்த சூறைக்குருவிகளின் கால்களில் பூட்டிப் பறக்க விட்டார். எங்கேனும் அப்பறவை பிடிபட்டால், கண்டவர் எண்ணைக் குறித்து எழுதுவார். பறவை சென்ற இடம் விளங்கிவிடும். எத்துணை எளிய வழி! 1902-இல் அமெரிக்காவில் பால் பார்ட்ஷ் என்னும் அறிஞர் இரவுக் கொக்குகளுக்கு இவ்வாறே வளையமிட்டார். 1920-இல் அமெரிக்க அரசே இப்பணிக்கென ஓர் அலுவலகத்தை அமைத்தது. இன்றும் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கிவரும் அதன் ஆய்வகத்தின் இசைவுச் சீட்டு இல்லாமல், அந்நாட்டில் எவரும் ஒரு காட்டுப் பறவைக்கும் வளையமிட முடியாது.

கொக்குக்கும் வாத்துக்கும் வளையமிடுதல் ஒருவாறு எளிது. ரீங்காரச் சிட்டுக்கு இடுவதோ தனிக் கலை. அதற்கெனச் சிறப்பு இசைவு வேண்டும். கைதேர்ந்த ஒருவரிடம் நெடுநாள் பயிற்சியும் வேண்டும். அந்தப் பரந்த நாட்டில் இவ்விசைவு பெற்றவர் சில நூறு பேரே எனலாம்.

வளையம் உருவாகும் விதம்

பிற பறவைகளுக்குரிய வளையங்கள் ஆயத்தமாகவே கிடைக்கும். ரீங்காரச் சிட்டுக்குரியது எண்கள் அச்சிட்ட மெல்லிய அலுமினியத் தகடாகவே வரும். வளையமிடுபவரே அதைச் சிறு கீற்றுகளாக வெட்டி, விளிம்புகளை மழமழவெனத் தேய்த்து, நுண்ணிய கருவியால் வளைத்து உருவாக்க வேண்டும். விளிம்பில் பிசிறு இருந்தால் காலை அறுக்கும். வாய் சரியாக மூடாவிட்டால் நூலிலோ முள்ளிலோ மாட்டிக்கொள்ளும். அளவு சற்றுப் பெரிதானால் பாதத்தின் மேல் வழுக்கி இறங்கும், சிறிதானால் இறுக்கும். மூடியபின் வளையம் காலைச் சுற்றித் தடையின்றி உருள வேண்டும்.

வழக்கமான நீண்ட எண்ணைப் பொறிக்க அதில் இடமேது? ஆகவே முன்னிலக்கங்களுக்குப் பதிலாக ஓர் ஆங்கில எழுத்தும், அதன்பின் ஐந்து இலக்கங்களும் மட்டுமே இடம்பெறும். அதைப் படிக்கவும் உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். வளையத்தின் எடை பத்து மில்லிகிராமுக்கும் குறைவு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர், இருநூறு கிராமுக்கும் குறைந்த கைக்கடிகாரம் ஒன்றை அணிவது போன்றதே இச்சிட்டு வளையம் அணிவது.

பிடிப்பதும் விடுவிப்பதும்

அமெரிக்கக் குடும்பங்கள் பல, தம் தோட்டத்தில் சர்க்கரை நீர்க் குப்பியைத் தொங்கவிட்டு இச்சிட்டுகளுக்கு விருந்திடுகின்றன. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர்; அவ்வளவே. அக்குப்பியைச் சுற்றி ஒரு கம்பிவலைக் கூண்டை வைத்து, அதன் கதவைத் திறந்தே விட்டு, வளையமிடுபவர் தொலைவில் காத்திருப்பார். சிட்டு உள்ளே சென்று நீர் பருகத் தொடங்கியதும் கையிலுள்ள நூலைத் தளர்த்துவார். கதவு மெல்ல மூடிக்கொள்ளும்.

அதன்பின் ஒவ்வொரு நொடியும் கணக்கில் வரும். பறவையை ஒரு மெல்லிய வலைப்பையில் இட்டு மேசைக்குக் கொணர்வர். முதலில் வளையம் பூட்டப்படும். பின்னர்ச் சிறகு, வால், அலகு ஆகியவற்றின் நீளம் அளக்கப்படும். அலகை உருப்பெருக்கியால் நோக்கினால், இளம் பறவையாயின் நுண்ணிய வரிப்பள்ளங்கள் தெரியும். வயது ஏற ஏற அவை மறைந்து அலகு வழவழப்பாகும். ஒரு சிறு குழல் வழியாக மார்பின் மேல் ஊதினால், இறகுகள் விலகி, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வெண்மஞ்சளாகத் தெரியும். கடல் கடக்க ஆயத்தமான பறவை, மூன்று கிராமிலிருந்து ஏறத்தாழ ஆறு கிராம் வரை பெருத்திருக்கும். அதுவே அதன் கட்டுச்சோறு! பெண்பறவை வயிற்றில் முட்டை சுமந்திருப்பது தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு அளவெடுக்கலாகாது. உடனே விடுவித்தலே முறை.

எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பறவைக்குச் சிறிது சர்க்கரை நீர் பருகக் கொடுத்து, அவ்வீட்டுக் குழந்தையை அழைத்து, அதன் விரித்த உள்ளங்கையில் சிட்டைக் கிடத்துவது இப்பணியாளர் பலரின் வழக்கம். உள்ளங்கையில் எடை தெரியாது. இளஞ்சூடும், ஒரு துடிப்பும் மட்டுமே தெரியும். அத்துடிப்பு நிமிடத்துக்குப் பல நூறு முறை அடிக்கும் இதயம். குழந்தை மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்கும். பின்னர் ஒரு சிறகொலி, கை வெறுமையாகும். அக்குழந்தை பெரியவனாகிப் பலவற்றை மறக்கலாம். அந்த ஒரு கணத்தை மறப்பதில்லை.

பரிதாபத்துக்குரிய பறவையா அது?

இத்தனை முயற்சியால் விளைந்த பயன் என்ன என்று கேட்கலாம். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்வோம்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், குளிர்காலத்தின் நடுவிலும் சிற்சில ரீங்காரச் சிட்டுகள் வீட்டுத் தோட்டங்களில் தோன்றுவதுண்டு. மற்றவை யாவும் தெற்கே போய்விட்ட பின் இது மட்டும் ஏன் எஞ்சியது? "பாவம், வழி தவறிய பறவை! நோயுற்றதோ, முதுமையுற்றதோ, இக்குளிரில் மடியத்தான் போகிறது" என்றே மக்கள் எண்ணினர். வேறு சிலரோ, "சர்க்கரை நீர்க் குப்பியை எடுக்காமல் விட்டது நம் பிழை. உணவு கண்ட பறவை பயணத்தை மறந்துவிட்டது" என்று தம்மையே நொந்துகொண்டனர். அதனால் இலையுதிர் காலம் வந்ததும் குப்பிகளை எடுத்து உள்ளே வைத்துவிடும் வழக்கமும் பரவியது.

லூசியானா மாநிலத்தில் வாழ்ந்த திருமதி நான்சி நியூஃபீல்ட் என்னும் பெண்மணி, இம்முடிவை அப்படியே ஏற்கவில்லை. 1979-இல் அவர் தம் பகுதியிலுள்ள தோட்டங்களில் குளிர்காலச் சிட்டுகளைப் பிடித்து வளையமிடத் தொடங்கினார். கையில் எடுத்து நோக்கியபோது தெரிந்தது: அவற்றுட் பல, கோடையில் அங்கு வாழும் மாணிக்கக் கழுத்துச் சிட்டுகளே அல்ல! வடமேற்கே, ராக்கி மலைகளுக்கும் அப்பாலிருந்து வந்த செம்பழுப்புச் சிட்டுகளும், வேறு பல மேற்கத்திய இனங்களுமாம் அவை. அடுத்த குளிர்காலம் வந்தது. மடிந்திருக்கும் என்று கருதப்பட்ட பறவை, அதே வளையத்தோடு, அதே தோட்டத்துக்கு, அதே குப்பியை நாடி வந்து நின்றது!

அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த பாப் சார்ஜென்ட், அவர்தம் துணைவியார் மார்த்தா ஆகிய இருவரும் இப்பணியில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள். வளைகுடாக் கரையிலுள்ள ஃபோர்ட் மார்கன் என்னும் இடத்தில், ஆண்டுதோறும் பொதுமக்கள் முன்னிலையிலேயே பறவைகளுக்கு வளையமிட்டனர். புதியவர் பலருக்குப் பயிற்சியும் அளித்தனர். 2014-இல் பாப் மறைந்தார். டிசம்பர்க் குளிரில் யாரேனும் தொலைபேசியில், "எங்கள் தோட்டத்தில் ஒரு சிட்டு நிற்கிறது" என்று சொன்னால், வளையமிடுவோர் கூண்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு விடுவர். இவ்வாறு சேர்ந்த எண்கள் ஆண்டுக்காண்டு பெருகின. உண்மை தெளிவாயிற்று. அவை வழி தவறியவை அல்ல. தமக்கென ஒரு வழி கொண்டவை. அவ்வழியை நாம்தாம் அறியாதிருந்தோம்.

உறைபனி இரவை அவை எவ்வாறு தாங்குகின்றன என்பதும் வியப்பே. இருள் சூழ்ந்ததும் உடற்சூட்டைப் பெரிதும் குறைத்து, இதயத் துடிப்பையும் தாழ்த்தி, செயலற்ற ஒரு துயிலில் ஆழ்ந்து, காலையில் மீண்டும் உடலைச் சூடேற்றி எழுகின்றன. குப்பியை எடுத்துவிட வேண்டும் என்ற அச்சமும் ஆதாரமற்றது. பறவையைக் கிளப்புவது பகற்பொழுது குறுகுவதும் அதன் உடலில் நிகழும் மாற்றமுமே அன்றி, உணவின் குறைவு அன்று. எனவே இன்று அப்பகுதிகளில் குளிர்காலத்திலும் குப்பியை விட்டு வைக்குமாறே அறிந்தோர் சொல்கின்றனர்.

ஃப்ளோரிடாவிலிருந்து அலாஸ்காவுக்கு

வளையமிட்ட பறவை மறுபடியும் ஒருவர் கையில் சிக்குவது அரிது. அதுவும் தொலைதூரத்தில் சிக்குவது மிக மிக அரிது. ஆயினும் 2010-ஆம் ஆண்டில் அப்படி ஒன்று நேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரி 13-இல் ஃப்ளோரிடா மாநிலத்தின் டாலஹாசி நகரில் ஒரு செம்பழுப்புச் சிட்டுக்கு வளையமிட்டனர். ஜூன் 28-இல் அலாஸ்காவின் செனீகா பே என்னும் கடலோரக் கிராமத்தில் ஒரு சிட்டு பிடிபட்டது. அதன் காலில் ஏற்கெனவே ஒரு வளையம்! எண்ணை ஒப்பு நோக்கினர். ஃப்ளோரிடாவில் விடுவித்த அதே பறவை! நேர்க்கோட்டில் அளந்தாலே இடைப்பட்ட தொலைவு 5,600 கிலோமீட்டருக்கு மேல். காற்றும் மலையும் சுற்றி அது உண்மையில் பறந்த தொலைவு இன்னும் எவ்வளவோ!

வாழ்நாளைப் பற்றியும் வளையமே சொன்னது. இத்துணை விரைவாகத் துடிக்கும் இதயம் ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் என்றே பலர் கருதினர். மேற்கு வர்ஜீனியாவில் பிடிபட்ட மாணிக்கக் கழுத்துச் சிட்டு ஒன்றின் வயது குறைந்தது 9 ஆண்டு 2 மாதம். கொலராடோ மலைப்பகுதியில் 1987-இல் பிடிபட்ட அகன்ற வால் சிட்டு ஒன்றுக்கோ குறைந்தது 12 ஆண்டு 2 மாதம்! இரண்டும் பெண்பறவைகள். ஆண்டுதோறும் நெடும்பயணம் சென்று மீண்டு, கூடு கட்டி, துணையின் உதவி இன்றித் தனியே குஞ்சுகளை வளர்த்த தாய்ப்பறவைகள்.

பிடிப்பது முறையா?

இவ்விடத்தில் இளகிய நெஞ்சம் கொண்ட வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, "எல்லாம் சரி, தன் போக்கில் செல்லும் ஒரு சிற்றுயிரைக் கூண்டில் பிடித்து, அச்சுறுத்தி, காலில் விலங்கு பூட்டுவது முறையா?" என்று கேட்டால், அக்கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. அது நேர்மையான கேள்வி.

இதில் இடரே இல்லை என்று சொல்வதற்கில்லை. எத்துணைத் தேர்ந்த கையிலும் எப்போதேனும் ஒரு பறவை காயமுறலாம், இறக்கவும் நேரலாம். அதனாலேயே இசைவுச் சீட்டும், நெடும் பயிற்சியும், கடும் விதிகளும். "பறவையின் நலமே முதல்; தகவல் அதற்குப் பின்" என்பதே இப்பணியின் முதல் விதி. பறவை சோர்ந்தால், அளவு முடியாவிட்டாலும் உணவூட்டி விட்டுவிட வேண்டும். வேடிக்கைக்காகப் பிடிப்பவருக்கும், படம் எடுத்துப் பெருமை பேசப் பிடிப்பவருக்கும் இங்கு இடமில்லை.

மறுபுறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செம்பழுப்புச் சிட்டின் தொகை, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்ததில் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. 2018-இல் அது அழிவை நெருங்கும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது எங்கே கூடு கட்டுகிறது, எவ்வழியே போகிறது, எங்கே இளைப்பாறுகிறது, எங்கே குளிர்காலம் கழிக்கிறது என்று அறியாமல் அதைக் காப்பது எப்படி? ஒரு காட்டைக் காத்துவிட்டு, அது தங்கிச் செல்லும் மற்றொரு மலர்ச்சோலையை அழித்தால் பயனில்லை. ஒரு பறவைக்குச் சில நிமிடம் தரும் இடையூறு, அதன் இனம் முழுவதற்கும் காப்பாகுமானால் அதைப் பொறுக்கலாம், ஆகாதெனில் பொறுக்கலாகாது. இந்த அளவுகோலைக் கைவிடாதவரே அப்பணிக்கு உரியவர்.

நமக்கும் ஒரு பங்கு

வளையமிடும் பணி நமக்கு அயலானதன்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், டாக்டர் சாலிம் அலி அவர்களின் வழிகாட்டுதலில் 1959-இல் இந்தியாவில் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியது. நம் கோடிக்கரையிலும் அக்கழகத்தார் பல ஆண்டுகள் தங்கி, சைபீரியாவின் வடகோடியிலிருந்து வரும் உள்ளான் முதலிய கரைப்பறவைகளுக்கு வளையமிட்டுள்ளனர். ரீங்காரச் சிட்டு நம் நாட்டில் இல்லை. வளையம் தாங்கிய விருந்தினர் நம் கரைக்கும் வருகின்றனர்.

ஆகவே கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் வாழும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். காலில் வளையம் கொண்ட பறவை ஒன்று இறந்து கிடக்கக் கண்டாலோ, வலையில் சிக்கக் கண்டாலோ, வளையத்தில் உள்ள எண்ணையும் எழுத்துகளையும் ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். கண்ட இடத்தையும் நாளையும் சேர்த்து, வளையத்தில் பொறித்துள்ள நிறுவனத்துக்கோ அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். உயிரோடு சிக்கியதாயின், வளையத்தைக் கழற்ற முயலாமல், எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு பறவையைப் பறக்க விடுங்கள். நீங்கள் எழுதும் ஒரு வரி, எங்கோ ஒருவர் பல்லாண்டு காத்திருந்த விடையாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பேடு கொடுத்து, வீட்டைச் சுற்றி வரும் பறவைகளின் பெயரையும் அவை வந்த நாளையும் எழுதச் சொல்லுங்கள். பார்க்கப் பழகிய கண் கல்லெறியாது.

இறுதியாக ஒன்று. தனித்து நின்ற ஒரு சிறு பறவையைக் கண்டு, "வழி தவறியது, இனித் தேறாது" என்று ஒரு நாட்டு மக்களே தீர்ப்புக் கூறினர். ஒருவர் மட்டும் பொறுமையோடு அருகில் சென்று, அதைக் கையில் எடுத்து, அதற்கெனத் தனியே ஓர் எண் கொடுத்து, மறு ஆண்டு வரை காத்திருந்தார். தீர்ப்புத் தவறென்று தெரிந்தது. நம் இல்லங்களிலும், நம் தெருவிலும், கூட்டத்தோடு சேராமல் தனித்து நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். "இவன் தேறமாட்டான்" என்று சொல்லுமுன் அக்குளிர்காலச் சிட்டை நினைத்துக்கொள்வோம். அவன் வழி எதுவென்று நாம் இன்னும் அறியாதிருக்கலாம்.